ஒரே சேறு, இரண்டு எண்கள்

எண்ணூர் கழிமுகத்தைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும், கொஞ்ச நேரத்தில் அது எண்களைப் பற்றிய சண்டையாகிவிடுகிறது. ஆற்றில் அனல் மின்நிலையத்து நிலக்கரிச் சாம்பல் படிந்திருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தண்ணீரில் இறங்கி இறால் தடவுகிறவர்களின் காலுக்கே அது தெரியும். ஆனால் அந்தச் சேற்றில் ஆர்செனிக் எவ்வளவு, ஈயம் எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்று கேட்டால் ஒரு ரிப்போர்ட் ஒன்றைச் சொல்லும், இன்னொரு ரிப்போர்ட் வேறொன்றைச் சொல்லும். அவரவர் தமக்கு வசதியான தாளை எடுத்து நீட்டுவார்கள். "லேப்புக்கு லேப் மாறுது சார், எதை நம்புறது?" என்று யாராவது ஒருவர் கேட்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

நான் வேதியியல் படித்துவிட்டு மணலி, திருவொற்றியூர் பக்கத்து டெஸ்டிங் லேப்களில் வேலை பார்த்துவருகிறவள். இந்த "லேப்புக்கு லேப் மாறும்" என்ற பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். மாறுவது உண்மைதான். ஆனால் ஏன் மாறுகிறது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது, நூறு வருஷத்துக்கு மேலாகவே இருக்கிறது. அதை யாரும் கேட்டு வாங்குவதில்லை. அதனால் சாம்பலைக் கொட்டியவர்களுக்கு லாபம், சேற்றில் நிற்கிறவர்களுக்கு நஷ்டம்.

எண்ணூர் மீனவக் கிராமமான காட்டுக்குப்பத்துப் பெரியவர் ஒருவர் இரண்டு ரிப்போர்ட்டுகளோடு என்னிடம் வந்தார். ஒரே வாளியில் அள்ளி, நன்றாகக் கலக்கி, இரண்டு பையில் போட்டு இரண்டு லேப்புக்குக் கொடுத்த சேறு. ஈயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. குரோமியம் மட்டும் ஒரு தாளில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு மற்றதில் இருந்தது.

"இன்னாம்மா இது, ஒரே பக்கெட்டுல தானே அள்னோம்? இதுல யாரு பொய் சொல்றாங்க?"

"யாரும் பொய் சொல்லலை ஐயா. ரெண்டு பேரும் ரெண்டு வேற கேள்விக்குப் பதில் எழுதியிருக்காங்க."

அவருக்கு அது திருப்தியாக இல்லை. இருக்கவும் கூடாது. ரிப்போர்ட்டில் கேள்வி என்ன என்பது அச்சாகியிருக்கவில்லையே.

நடந்தது இதுதான். சேற்றை அப்படியே கருவிக்குள் ஊற்ற முடியாது. உலர்த்தி, சலித்து, அமிலத்தில் வேகவைத்துக் கரைத்த பிறகுதான் உலோகங்களை அளக்கும் ஏஏஎஸ் கருவியிலோ ஐசிபி-எம்எஸ் கருவியிலோ வைக்க முடியும். ஒரு லேப் இராஜதிராவகத்தில் கரைத்திருந்தது, அதாவது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நைட்ரிக் அமிலமும் சேர்ந்த கலவை. அது தங்கத்தையே கரைக்கும், ஆனால் கண்ணாடி போன்ற சிலிகேட்டை உடைக்காது. நிலக்கரிச் சாம்பலோ பெரும்பாலும் அலுமினோசிலிகேட் கண்ணாடிக் குமிழ்கள். அதற்குள் மாட்டிக்கொண்ட குரோமியம் வெளியே வராமல், கரையாத வண்டலாகக் குழாயின் அடியில் தங்கிவிடும். இன்னொரு லேப் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் சேர்த்து, மைக்ரோவேவ் அடுப்பில் மூடிய குப்பியில் வைத்துக் கரைத்திருந்தது. அந்த அமிலம் சிலிகேட்டை உடைக்கும். உள்ளே இருந்த குரோமியமும் கணக்கில் சேர்ந்துவிடும். ஈயம் பெரும்பாலும் இராஜதிராவகத்துக்கே வெளியே வந்துவிடும் என்பதால் அதில் இரண்டு பேரும் நெருங்கி நின்றார்கள்.

இதை எனக்குச் சொன்னது ரிப்போர்ட் இல்லை. இரண்டு லேப்களுக்கும் போன் போட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது. எல்லாரும் அப்படிக் கேட்க முடியுமா, கேட்டாலும் சொல்வார்களா?

போனே போடாமல் ரிப்போர்ட்டிலேயே இது தெரிந்திருக்க ஒரு வழி இருக்கிறது. அதுதான் சிஆர்எம் என்று லேப்களில் நாங்கள் சொல்லும் சான்றளிக்கப்பட்ட ரெஃபரன்ஸ் மெட்டீரியல். பார்க்க ஒன்றும் விசேஷமாக இருக்காது. சின்னப் பாட்டிலில் கொஞ்சம் பொடி, கூடவே ஒரு சான்றிதழ். அமெரிக்காவின் தேசிய தர நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட 1633பி என்ற பொடி எண்ணூருக்காகவே செய்தது போல இருக்கும்: அது நிலக்கரிச் சாம்பல். அதன் சான்றிதழில் கிலோவுக்கு ஆர்செனிக் 136.2 மில்லிகிராம், ஈயம் 68.2, குரோமியம் 198.2 என்று இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் நிச்சயமின்மை, அதாவது அந்த எண் எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்பது: ஈயத்துக்கு ± 1.1, குரோமியத்துக்கு ± 4.7. நம்பகமான பல முறைகளில் அளந்து, ஒன்றோடொன்று ஒத்துப்பார்த்து, பொடி எல்லாப் பாட்டிலிலும் ஒரே சீராக இருக்கிறதா என்று சோதித்து, அதன் பிறகு கொடுத்த எண்கள் அவை.

எண்ணூர்ச் சேற்றைக் கரைக்கும் அதே நாளில், அதே அமிலத்தில், அதே வரிசைக் குப்பிகளில் இந்தப் பொடியையும் வைத்துக் கரைத்தால் போதும். ஈயம் 67 வந்து, குரோமியம் 110 மட்டும் வந்தது என்று வைத்துக்கொள்வோம். கருவியும் ஆளும் சரி, குரோமியத்தை மட்டும் இந்த அமிலம் முழுசாக எடுக்கவில்லை என்று அந்த இரண்டு எண்களே சொல்லிவிடும். இந்த ஒரு வரி ரிப்போர்ட்டின் அடியில் இருந்திருந்தால் காட்டுக்குப்பத்துப் பெரியவர் யார் பொய் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்க மாட்டார்.

சரி, அப்படியானால் அதிகமாகக் காட்டிய லேப்தான் சரியா? அவ்வளவு சுலபமில்லை. நம்மூர் ஆய்வுகளில் பலரும் எடுத்து ஒப்பிடுவது கனடாவின் கடல்படிவு வழிகாட்டி. அதில் குரோமியத்துக்கு கிலோவுக்கு 52.3 மில்லிகிராம் என்பது எச்சரிக்கை அளவு, 160 என்பது பாதிப்பு வரக்கூடிய அளவு. அந்த வழிகாட்டி, உயிர்களுக்குக் கிடைக்கக்கூடிய பங்கைப் பார்ப்பதற்காக, வலுவான அமிலத்தில் வெளிவரும் அளவைத்தான் ஒப்பிடச் சொல்கிறது. சிலிகேட்டையும் உடைத்து எடுத்த மொத்த அளவை அதன் பக்கத்தில் வைக்கக் கூடாது. ஆனால் இந்தச் சேற்றில் சாம்பலின் பங்கு எவ்வளவு, எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டுமென்றால் மொத்த அளவுதான் வேண்டும். இரண்டு எண்ணுக்கும் வேலை இருக்கிறது. எது எந்த வேலைக்கு என்பது தெரிய வேண்டும். சில பொடிகளில் இதற்கும் வழி செய்திருக்கிறார்கள். நிஸ்ட்டின் 2709, 2710, 2711 மண் பொடிகளுக்கு, மொத்த அளவோடு, அமிலத்தில் வெளிவரும் அளவுகளையும் தனி இணைப்பாக வெளியிட்டார்கள்.

மீன் ஏலக்கூடத்தில் எடைக்கல்லுக்கு முத்திரை போடுகிறார்கள். அந்தக் கல்லுக்குத் தட்டில் இருப்பது வஞ்சிரமா உப்பா என்று தெரிய வேண்டியதில்லை. ரசாயன அளவில் அப்படி இல்லை, தட்டில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். சுத்தமான தண்ணீரில் ஈயத்தைச் சரியாக அளக்கிற லேப், சேற்றில் கோட்டைவிடலாம். சேற்றில் சரியாக அளக்கிறவர்கள் மீனில் தடுமாறலாம். அதனால்தான் மீனுக்கு மீன் பொடி, சேற்றுக்குச் சேற்றுப் பொடி, கடல்நீருக்குக் கடல்நீர் என்று தனித்தனியாகச் செய்துவைத்திருக்கிறார்கள்.

கழிமுகத் தண்ணீரில் ஆர்செனிக் அளப்பது இதற்கு நல்ல உதாரணம். ஐசிபி-எம்எஸ் கருவி அணுக்களை எடையைப் பார்த்துத்தான் அடையாளம் காண்கிறது. ஆர்செனிக்கின் எடை எண் 75. கருவிக்குள் எரிவது ஆர்கான் வாயு, அதன் எண் 40. உப்புத் தண்ணீரில் குளோரின், அதன் எண் 35. இரண்டும் ஒட்டிக்கொண்டால் 75. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 19 கிராம் குளோரைடு இருக்கிறது. ஆர்செனிக் லிட்டருக்கு ஒன்றிரண்டு மைக்ரோகிராம்தான். கவனமில்லாத லேப்பில், உப்பே ஆர்செனிக்காக வேஷம் போட்டு ரிப்போர்ட்டில் ஏறிவிடும். ஹீலியம் வாயுவை உள்ளே விட்டு, அந்த ஒட்டிக்கொண்ட ஜோடியை வேகமிழக்க வைத்து ஒதுக்கும் வசதி இப்போதைய கருவிகளில் இருக்கிறது. அதைப் போட்டார்களா, போட்டது வேலை செய்ததா என்று எப்படித் தெரியும்? கனடா தேசிய ஆராய்ச்சிக் கழகம் சான்றளித்த, CASS என்ற பெயர் வரிசையில் வரும் கடல்நீர்ப் பாட்டிலைக் கூடவே ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். எண்ணூரில் இது இரண்டு பக்கமும் வெட்டும். பொய்யாக ஏறிய எண்ணை வைத்துக்கொண்டு குப்பத்து மக்கள் கோர்ட்டுக்குப் போனால், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஒரு நல்ல வேதியியலாளர் போதும், வழக்கே தளர்ந்துவிடும். நமக்குச் சாதகமான எண் என்பதற்காக அதை நம்பிவிடக் கூடாது என்று நான் இங்கே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

லேப்கள் ஒத்துப்போகாதது நம்மூர்ப் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் வார்ப்பிரும்பு ஆலைகளுக்கு இடையே இதே தகராறு இருந்து, அதற்காகத்தான் அங்கே தேசிய தர நிறுவனம் 1906-ல் முதல் வார்ப்பிரும்பு மாதிரிகளை வெளியிட்டது. 1951-ல் வெளியான இன்னொரு கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு கிரானைட் கல்லையும் ஒரு டயபேஸ் கல்லையும் பொடியாக்கி, ஜி-1, டபிள்யூ-1 என்று பெயர் வைத்து, பாறை ஆய்வில் பழுத்த லேப்களுக்கு அனுப்பினார்கள். பாறையில் சிலிக்கா, அலுமினா அளப்பதெல்லாம் அவர்களுக்கு அன்றாட வேலை. வந்த எண்களோ எதிர்பார்த்ததைவிட மோசமாகச் சிதறியிருந்தன. தாங்கள் எல்லாரும் ஒரே அளவைத்தான் அளக்கிறோம் என்று அதுவரை நம்பியிருந்த துறைக்கு அது பெரிய அடி. அதை மறைக்காமல் அச்சிட்டார்கள். பாறை ஆய்வில் ரெஃபரன்ஸ் பொடிகள் பெருகியது அதற்குப் பிறகுதான். 1960-களில் இங்கிலாந்தில் போவன் என்ற வேதியியலாளர் கேல் என்ற கீரையை உலர்த்திப் பொடித்து உலகம் பூராவும் லேப்களுக்குக் கொடுத்தார். தாவரங்களில் நுண்தனிமங்களை அளக்கிறவர்களுக்கு ரொம்ப காலம் அதுதான் பொதுப் பொடி.

சிதறல் எந்த மாதிரியானது என்பதைக் கண்டுபிடிக்க யூடன் என்ற புள்ளியியலாளர் 1959-ல் ஓர் எளிய வழி சொன்னார். ஒவ்வொரு லேப்புக்கும் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான இரண்டு சாம்பிள்கள் கொடு. முதல் சாம்பிளின் எண்ணைக் குறுக்கேயும் இரண்டாவதன் எண்ணை நெடுக்கேயும் வைத்து, ஒரு லேப்புக்கு ஒரு புள்ளி போடு. பிழை தற்செயலானது என்றால் புள்ளிகள் எல்லாப் பக்கமும் வட்டமாகச் சிதறும். ஆனால் பெரும்பாலும் புள்ளிகள் சாய்வாக ஒரே கோட்டில் நீண்டு கிடக்கும். ஒன்றில் அதிகமாகக் காட்டுகிற லேப் மற்றதிலும் அதிகமாகவே காட்டுகிறது. அதாவது கை நடுக்கமோ அன்றைய நாளின் கோளாறோ காரணம் இல்லை. அந்த லேப்பின் முறையிலேயே ஒரு சாய்வு இருக்கிறது. அதே லேப்பில் அதே சாம்பிளைப் பத்து முறை திருப்பித் திருப்பி அளந்தாலும் அது வெளியே வராது, பத்து முறையும் ஒரே மாதிரி சாய்ந்திருக்கும். வெளியிலிருந்து வந்த, விடை தெரிந்த ஒரு பொடிதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நல்ல லேப்களே எவ்வளவு ஒத்துப்போக முடியும் என்பதற்கும் எல்லை உண்டு. ஹார்விட்ஸ் என்பவர், ஒரே சாம்பிளைப் பல லேப்கள் அளந்த ஏராளமான கூட்டுச் சோதனைகளை அலசி, 1980-ல் ஒரு கணக்கு வெளியிட்டார். ஒரு பொருளில் நூற்றில் ஒரு பங்காக இருப்பதை அளந்தால் லேப்களுக்கிடையே சுமார் 4 சதவீதச் சிதறல். பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்றால் 16 சதவீதம். நூறு கோடியில் ஒரு பங்கு என்றால் 45 சதவீதம். ஆக, குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்தியத் தரநிலை சொல்லும்போது, ஒரு லேப் 0.009, இன்னொரு லேப் 0.011 சொல்வது சண்டைக்குரிய விஷயமே இல்லை. கிலோவுக்கு மில்லிகிராம் கணக்கில் இருக்கும் சேற்றில் இரண்டு மடங்கு வித்தியாசம் வந்தால் அது கேட்டே ஆக வேண்டிய விஷயம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் "எல்லாமே மாறும்" என்ற சமாதானம் இங்கே செல்லுபடியாகிறது.

எல்லா லேப்களும் ஒத்துப்போனாலே உண்மை என்றும் ஆகிவிடாது. கடல்நீரில் ஈயத்தின் அளவு என்று பல வருஷம் ஏற்றுக்கொள்ளப்பட்ட எண்கள் பெரும்பாலும் தூசி, பாட்டில், கயிறு, படகு இவற்றிலிருந்து வந்த ஈயம் என்று அமெரிக்கப் புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சன் காட்டினார். சாம்பிள் எடுப்பதிலிருந்து லேப் காற்று வரை சுத்தமாக்கியபோது எண் பல மடங்கு கீழே இறங்கியது. அதனால்தான் ஒரே சாம்பிளைப் பல லேப்களுக்கும் அனுப்பி நடத்தும் திறன் தேர்வுகளைப் பற்றி எனக்கு ஒரு தயக்கம் உண்டு. நம்மூர் லேப்கள், லேப்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியமான என்ஏபிஎல்லின் அங்கீகாரத்துக்காக அவற்றில் கலந்துகொள்கின்றன. லேப்பின் எண் விடையிலிருந்து எவ்வளவு விலகியது என்பதைக் காட்டும் இசட் மதிப்பெண் 2-க்குள் இருந்தால் பாஸ், 3-ஐத் தாண்டினால் ஃபெயில். நல்ல ஏற்பாடுதான், நடக்கட்டும். ஆனால் அந்த மதிப்பெண்ணை எதிலிருந்து கணக்கிடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். கலந்துகொண்டவர்களின் சராசரியே விடை என்றால், எல்லாரும் இராஜதிராவகத்தில் கரைத்து, எல்லாரும் குரோமியத்தைக் குறைத்துக் காட்டி, எல்லாரும் பாஸாகலாம். விடை தனியாகச் சான்றளிக்கப்பட்டதாக இருந்தால்தான் அது தேர்வு.

ஒத்துப்போக வைக்க முடியும் என்பதற்கு வீட்டுக்கு வீடு தெரிந்த உதாரணம் சர்க்கரை நோயாளிகளின் மூன்று மாதச் சராசரி, எச்பிஏ1சி. 1993-ல் பெரிய அமெரிக்க ஆய்வு ஒன்று அந்த எண்ணைக் கட்டுக்குள் வைத்தால் கண்ணும் சிறுநீரகமும் தப்பும் என்று நிரூபித்தது. ஆனால் அப்போது ஒவ்வொரு லேப்பின் எண்ணும் ஒரு மாதிரி. 1996-ல் தரப்படுத்தும் திட்டம் ஒன்றைத் தொடங்கி, எல்லா முறைகளையும் ஒரே ரெஃபரன்ஸோடு கட்டினார்கள். இன்று தண்டையார்பேட்டையில் எடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்து ராயப்புரத்து டாக்டர் மாத்திரையை மாற்றுகிறார் என்றால் அதன் பலன்தான். ரத்தத்துக்குச் செய்ததைச் சேற்றுக்கும் செய்யலாம்.

லேப்கள் ஏன் செய்வதில்லை? முதல் காரணம் விலை. வெளிநாட்டுப் பாட்டில் ஒன்று வாங்குவதற்குள் சின்ன லேப்பின் உரிமையாளருக்கு மூச்சு முட்டும். வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். அதனால் அங்கீகார ஆய்வு வரும்போது மட்டும் பாட்டில் அலமாரியிலிருந்து வெளியே வரும். இதற்கு வழி இருக்கிறது. லேப்பே உள்ளூர்ச் சேற்றை நிறைய எடுத்துப் பொடித்து வைத்துக்கொண்டு, அதைத் தினமும் ஓட்டலாம். விலை உயர்ந்த பாட்டிலை அவ்வப்போது எடுத்து, அந்தத் தினசரிப் பொடியைச் சரிபார்க்கலாம். அங்கீகாரத்துக்கான ஐஎஸ்ஓ 17025 என்ற சர்வதேசத் தரநிலை ரெஃபரன்ஸ் பொருள்களைக் கொண்டு தரத்தைக் கண்காணிக்கச் சொல்கிறது. ஆனால் அதில் வந்த எண்ணை வாடிக்கையாளரின் ரிப்போர்ட்டில் அச்சிடச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கு வேண்டியது அந்த அச்சுதான்.

சிஆர்எம் எல்லாவற்றையும் பிடித்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது உலர்ந்து, சலித்து, பாட்டிலில் வருகிறது. நம் சேறு வாளியில் வருகிறது. ஈரத்தோடு எடைபோட்டுக் கணக்கிட்டால், பாதி தண்ணீராக இருக்கும் சேற்றில் எண்ணும் பாதியாகிவிடும். 63 மைக்ரான் சல்லடையில் சலித்த நைசான பகுதியை மட்டும் எடுத்தால் எண் ஏறும், மணலோடு சேர்த்து எடுத்தால் இறங்கும், ஏனென்றால் உலோகங்கள் நைசான துகளில்தான் அதிகம் ஒட்டும். இவற்றை எந்தப் பாட்டிலும் காட்டிக்கொடுக்காது. எழுதித்தான் தர வேண்டும். அதனால் குப்பத்திலிருந்து சாம்பிள் கொடுக்கப் போகிறவர்களுக்கு இப்போது ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கிறேன். எண்ணை உலர்ந்த எடைக்குக் கொடுங்கள், எந்தச் சல்லடை, எந்த அமிலம் என்று எழுதுங்கள், அதே தொகுப்பில் ஓட்டிய சிஆர்எம்மின் பெயரையும் சான்றிதழ் அளவையும் உங்களுக்குக் கிடைத்த அளவையும் ரிப்போர்ட்டிலேயே அச்சிடுங்கள் என்று அதில் இருக்கும். சில லேப்கள் முகம் சுளித்தார்கள். சிலர் உடனே சரி என்றார்கள். சரி என்றவர்களுக்குத்தான் வேலை கொடுக்கச் சொல்கிறேன்.

இதற்கு மேல் எனக்கு ஒரு பெரிய ஆசை உண்டு. எண்ணூர்ச் சேற்றையே ஒரு ரெஃபரன்ஸ் பொடியாக்க வேண்டும். சாம்பலும் உப்பும் அழுகிய கரிமப்பொருளும் கலந்த இந்த மாதிரிக் கழிமுகச் சேறு பாட்டிலில் அடைத்து நான் வேலை பார்த்த லேப்களின் அலமாரியில் இருந்ததில்லை. செய்யத் தெரிந்தவர்கள் நாட்டில் இல்லாமல் இல்லை. டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகம் பாரதீய நிர்தேசக் திரவ்ய என்ற பெயரில் இந்திய ரெஃபரன்ஸ் பொருள்களை வெளியிடுகிறது. ஹைதராபாத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பொருள் பகுப்பாய்வு மையம் இருக்கிறது. சேற்றை அள்ளி, உலர்த்தி, அரைத்து, சலித்து, நாள்கணக்கில் உருட்டிக் கலக்க வேண்டும். பாட்டில்களில் அடைத்து, அங்கங்கே சில பாட்டில்களைத் திறந்து சீராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெயிலிலும் குளிரிலும் வைத்து மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் தேர்ந்த லேப்கள் பலவற்றில், வேறு வேறு முறையில், மொத்த அளவையும் அமிலத்தில் வெளிவரும் அளவையும் தனித்தனியாகத் தீர்மானிக்க வேண்டும். மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் லேப், கல்லூரி லேப், கம்பெனி லேப், தனியார் லேப் எல்லாரும் எண்ணூர் என்று எழுதிய எந்த ரிப்போர்ட்டிலும் அந்தப் பொடியின் எண்ணைக் கூடவே போட வேண்டும். செலவாகும். கழிமுகத்தில் இதுவரை எடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட முடியாமல் கிடக்கும் ரிப்போர்ட்டுகளுக்கும் செலவாகத்தான் செய்தது.

சேற்றை எங்கே அள்ளுவது என்பதைக் காட்டுக்குப்பத்துக்காரர்கள் சொல்லட்டும். ஆற்றின் எந்த வளைவில் சாம்பல் முழங்கால் வரை இருக்கிறது, எங்கே இன்னும் பழைய கருஞ்சேறு மிச்சமிருக்கிறது என்பது தினமும் அதில் நின்று இறால் தடவுகிற அவர்களுக்குத்தான் தெரியும். பொடி இரண்டு வேண்டும்: சாம்பல் தடித்த இடத்தில் ஒன்று, பழைய சேற்றில் ஒன்று.